வலது கை, இடது கை, சபை

தம்பி,

நான் இதை எழுத உட்கார்ந்ததைப் பார்த்து உன் அப்பா சிரித்தார். தினமும் போனில் பேசுகிற பிள்ளைக்கு எதற்குக் கடிதம் என்று கேட்டார். போனில் நான் இந்தப் பேச்சை எடுத்தாலே நீ திசை மாற்றிவிடுகிறாய். பழைய கதை எதற்கு என்கிறாய், அங்கே மழையா என்று கேட்கிறாய், நானும் மழையைப் பற்றிப் பேசி முடித்துவிடுகிறேன். தாளில் நீ குறுக்கே பேச முடியாது. அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். கல்யாணத்துக்கு முன்னால் பெற்றவர்கள் பிள்ளைக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லவேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். யோசித்துப் பார்த்தால் என்னிடம் இருப்பது என் கைக்கு நடந்த கதை ஒன்றுதான். அதில் பாதி உனக்குத் தெரியும். நீ செய்ததையெல்லாம் நான் எங்கே நின்று பார்த்தேன் என்கிற மீதிப் பாதி உனக்குத் தெரியாது. ஷாமினிக்கும் இதைப் படித்துக் காட்டு. பூண்டுலோயாவிலிருந்து நம் வீட்டுக்கு வரப்போகிற பெண், தான் யாரைக் கட்டிக்கொள்கிறோம் என்று தெரிந்துகொண்டு வரட்டும்.

நம் தேயிலைத் தோட்டத்துத் தேவாலயத்தில் இருக்கிற பியானோ நான் வாத்தியார் வேலைக்கு வருவதற்கு முன்பே அங்கே இருந்தது. மழைக்காலத்தில் அதன் கட்டைகள் ஈரத்தில் ஊறி ஒட்டிக்கொள்ளும். அழுத்தினால் எழும்பாது. கொழுந்து லொறி ஓட்டுகிற உன் அப்பாவுக்கு இசை தெரியாது, ஆனால் ஈரத்தைப் பற்றி நன்றாகத் தெரியும். பியானோவின் வயிற்றுக்குள் ஒரு சின்ன பல்பைக் கட்டித் தொங்கவிட்டு அதைக் காயவைத்தவர் அவர்தான். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கற்றுக்கொண்ட கொஞ்ச இசையை வைத்துக்கொண்டு நான் ஞாயிற்றுக்கிழமைகளில் வாசிக்க ஆரம்பித்தேன். நீ கொஞ்சம் வளர்ந்ததும் உன்னையும் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன். தாளில் மேலே ஐந்து கோடு, கீழே ஐந்து கோடு. மேலே இருப்பது வலது கைக்கு, கீழே இருப்பது இடது கைக்கு. இதை ஒரு சட்டம் போலத்தான் சொன்னேன். எனக்கும் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் தனியாக நிற்கிற ஒரு சுரத்தைக் காட்டி, இது எந்தக் கைக்கு என்று கேட்டாய். எந்தக் கை பக்கத்தில் இருக்கிறதோ அதால் தொடு என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விட்டேன். அந்தக் கேள்வி உனக்குள்ளேயே இருந்திருக்கிறது.

நீ உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த காலம். தலவாக்கலையில் ஒரு போட்டோகொப்பிக் கடையில் வேலைக்கு நின்றாய். நான் நுவரெலியாவில் ஆசிரியர் கூட்டமொன்றுக்குப் போய்விட்டு வான் வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தேன். காலையிலிருந்து விடாத மழை. நானுஓயாவைத் தாண்டி ஒரு வளைவில் வான் வழுக்கிப் பக்கவாட்டாக மண்மேட்டில் மோதியது. கடவுள் புண்ணியத்தில் யாருடைய உயிருக்கும் ஒன்றும் இல்லை. கதவோரம் உட்கார்ந்திருந்த என்னுடைய வலது கை மட்டும் நசுங்கிய கதவில் அகப்பட்டுக்கொண்டது. ஆஸ்பத்திரியில் நான் கண் விழித்தபோது நீ கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாய். கடையில் உடுத்தியிருந்த சட்டையோடு, நனைந்துபோய்.

பெருவிரலும் சுட்டுவிரலும் பழையபடி வந்தன. நடுவிரல் பாதி வந்தது. மோதிரவிரலும் சுண்டுவிரலும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டது போல விறைத்து நின்றுவிட்டன. டீச்சர் சோக் பிடிக்கலாம், பேனா பிடிக்கலாம், வேலைக்குப் போகலாம் என்று டொக்டர் சிங்களத்தில் சொன்னார். அன்றைக்கு எனக்கு அதுவே பெரிதாக இருந்தது. பியானோவைப் பற்றி நான் கேட்கவில்லை. என்ன பதில் வரும் என்று எனக்கே தெரிந்திருந்தது. விரலுக்குப் பயிற்சியாக எதையாவது பிசையச் சொன்னார்கள். அதனால் வீட்டில் ரொட்டிக்கு மாவு பிசைகிற வேலை எனக்கு வந்தது. அந்த மாதங்களில் காலையும் மாலையும் ரொட்டி தின்று, சம்பல் இடித்துக்கொடுத்தே அப்பா களைத்துப்போனார். நீயும் வாயைத் திறந்து சோறு கேட்டதில்லை.

கை கொஞ்சம் தேறியதும் ஒரு ஞாயிறு பியானோவில் உட்கார்ந்து பார்த்தேன். ஒவ்வொரு பாட்டிலும் ஒரே நேரத்தில் நான்கு சுரங்கள் விழவேண்டும். மேலே இரண்டு வலது கைக்கு, கீழே இரண்டு இடது கைக்கு. ராகம் மேலே, சுண்டுவிரல் பக்கம். என்னுடைய கையில் அந்தப் பக்கம்தான் போய்விட்டது. ராகத்தைப் பிடித்தால் அதன் கீழே இருக்கிற சுரம் விழவில்லை, அதைப் பிடித்தால் ராகம் விழவில்லை. சபையில் பாடுகிறவர்கள் எனக்காக நின்றார்கள், பிறகு எதைப் பிடித்துப் பாடுவது என்று தெரியாமல் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். ஆராதனை முடிந்ததும் போதகரிடம் போய் வேறு ஏற்பாடு செய்யுங்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் நல்ல மனுஷன், எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். நான் பியானோவைப் பூட்டிச் சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

பிறகு ஒலிபெருக்கியில் பதிவு செய்த இசையைப் போட்டார்கள். அது யாருக்கும் காத்திருக்காது. நம் சனங்கள் பாடுவதுதான் உனக்குத் தெரியுமே. வாரம் முழுவதும் மலையில் கூடையோடு நின்ற பெண்கள், ஞாயிற்றுக்கிழமை ஒரு வரியை இழுத்து, மூச்சு வாங்கி, மனம் போன போக்கில்தான் பாடுவார்கள். பதிவு இசை முடிந்து நின்ற பிறகும் அவர்கள் கடைசிச் சரணத்தின் நடுவில் இருப்பார்கள். அப்போது ஆலயத்தில் ஒரு மாதிரி வெட்கமான அமைதி வரும். நான் நாலாவது வரிசை வாங்கில் உட்கார்ந்து, அந்த விறைத்த விரல்களை முந்தானைக்குள் சுற்றி வைத்துக்கொள்வேன். நீ என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய் என்பது எனக்குத் தெரியாது.

ஒரு நாள் கடையிலிருந்து வரும்போது ஒரு பாட்டைப் பெரிதாகக் கொப்பி எடுத்துக்கொண்டு வந்தாய். ஒவ்வொரு சுரத்துக்கும் நிறம் பூசியிருந்தாய். வலது கைக்குச் சிவப்பு, இடது கைக்கு நீலம். மேல் ஐந்து கோட்டில் இருந்த பாதிச் சுரங்கள் நீலமாக இருந்தன. நான் அதைக் கையால் தள்ளிவிட்டேன். "வேணாம் தம்பி, இருக்கிற கையோட இருந்துட்டுப் போறேன்" என்றேன். மேலே இருப்பதை இடது கையால் வாசிக்கிறது என்ன வாசிப்பு என்றும் கேட்டேன். உனக்குக் கோபம் வரவில்லை. மேசையில் என் எதிரே உட்கார்ந்து, பள்ளிக்கூடத்தில் நான் பேசுவேனே, அதே மாதிரி நிதானமாகப் பேசினாய்.

"மேல் கோடு கீழ் கோடெல்லாம் சத்தம் எங்க இருக்குன்னு காட்டத்தாம்மா. எந்தக் கையால தொடணும்னு அது சொல்லல. அது நாமளா வச்சுக்கிட்ட பழக்கம்."

அத்தனை வருஷம் அந்தத் தாள்களைப் பார்த்தவள் நான். யாரும் எனக்கு அப்படிச் சொன்னதில்லை. அடுத்த நாள் போதகரிடம் சாவியை வாங்கிக்கொண்டு, உன்னோடு போய் உட்கார்ந்தேன். ஆனால் அந்த நிறங்கள் சரிவரவில்லை. கண் எந்த நிறத்தைப் பிடிப்பது, எந்தக் கைக்குச் சொல்வது என்று திணறி, இரண்டு வரி போவதற்குள் தலை வலித்தது. நீ தாளைச் சுருட்டிக்கொண்டு போனாய். அடுத்த முறை கறுப்புத் தாள்தான், நிறமே இல்லை. வழக்கப்படி வாசிக்கவேண்டிய இடங்களை அப்படியே விட்டுவிட்டு, கை மாறுகிற சுரத்துக்குப் பக்கத்தில் மட்டும் பென்சிலால் ஒரு சின்னக் கொக்கி போட்டு, 'இ' என்றோ 'வ' என்றோ எழுதியிருந்தாய். மேலே இருக்கிற சுரத்தை இடது கை எடுத்துக்கொள்ளவேண்டுமென்றால் 'இ'. இடது கைக்கு எட்டாத ஒன்றை வலது பெருவிரல் வாங்கிக்கொள்ளவேண்டுமென்றால் 'வ'. அதை என்னால் வாசிக்க முடிந்தது. கொக்கி இல்லாத இடத்தில் பழைய நான், கொக்கி இருந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் கவனம்.

கண் பழகியது, கை எட்டவில்லை. உன் கை அப்பாவின் கை, ஸ்டியரிங் பிடிக்கிற கை. நீ சுலபமாக விரித்துத் தொட்ட சுரங்களுக்கு என் இடது கை பாதி வழியில் நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. நீ ஒரு நீளத் தாளைக் கிழித்துக் கட்டைகள் மேல் வைத்து, என் இடது கையை அதன் மேல் விரிக்கச் சொல்லி, பெருவிரல் எங்கே, சுண்டுவிரல் எங்கே என்று கோடு போட்டுக்கொண்டாய். "முதல்ல இதக் கேட்டிருக்கணும்மா" என்றாய்.

இனி வருவதுதான் உனக்குத் தெரியாதது. அதற்கு இரண்டு நாள் கழித்து ஒரு பின்னேரம், மழை தூறிக்கொண்டிருந்தது. நீ கடையிலிருந்து நேரே ஆலயத்துக்குப் போய்விட்டாய். குடை கொண்டுபோகவில்லையே என்று நான் ஒரு குடையை எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறி வந்தேன். உள்ளே பியானோ சத்தம் கேட்டது. நிற்கும், திரும்ப ஆரம்பிக்கும், நிற்கும். வாசலில் நின்று பார்த்தேன். என்னுடைய கைக்குச் சுற்றியிருந்த பழைய பாண்டேஜை எடுத்து உன் வலது கையின் மோதிரவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து இறுக்கிக் கட்டியிருந்தாய். இடது கைக்குப் பக்கத்தில் அந்த நீளத் தாள். என் கை எட்டுகிற கோட்டைத் தாண்டாமல், மிச்சமிருந்த விரல்களால் வாசித்துப் பார்த்தாய். ஒரு இடத்தில் முடியவில்லை. கொக்கியை அழித்தாய், வேறு இடத்தில் போட்டாய், மறுபடி வாசித்தாய். அதுவும் முடியவில்லை. கட்டியிருந்த கையை மடியில் வைத்து அதையே பார்த்தாய். அப்போது உன் முகத்தை நான் பார்த்தேன் தம்பி. அந்தக் கை எனக்கு எப்படி இருக்கிறது என்று அந்த நிமிஷம் உனக்குத் தெரிந்துவிட்டது.

நான் உள்ளே வரவில்லை. வந்திருந்தால் நீ பாண்டேஜை அவிழ்த்து ஒளித்திருப்பாய். குடையை வாசல் கம்பியில் மாட்டிவிட்டு, நனைந்துகொண்டே வீட்டுக்கு இறங்கி வந்தேன். அப்பா லொறியைக் கழுவிக்கொண்டிருந்தார். அவரிடம் சொன்னேன். "நானும் நேத்து பாத்தேன். ஒன்கிட்ட சொல்ல வேணாம்னான், அதான் சொல்லல" என்று சொல்லிவிட்டு மறுபடி கழுவப் போனார். அவர் அழுதாரா, முகத்தில் பட்டது லொறிக்கு ஊற்றிய தண்ணீரா என்று நான் கிட்டப் போய்ப் பார்க்கவில்லை.

அதன் பிறகு நான் வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லவில்லை. கிறிஸ்து பிறந்த நத்தார்ப் பண்டிகை வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு பாட்டாக நீ குறித்துத் தந்தாய், பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் பழகினேன். இடது கைப் பெருவிரல் அதுவரை சோம்பேறியாகக் கீழே கிடந்த விரல். அது இப்போது மேல் கோட்டுக்குப் போய்ச் சுரம் எடுக்கப் பழகியது. பிழைத்த இரண்டு விரலும் மாறி மாறி ராகத்தைத் தூக்கின. பழக்கம் விடாமல் வலது கை சில இடத்தில் தானாகப் பாயும். நீ பக்கத்திலிருந்து "கொக்கி, கொக்கி" என்பாய். ஒரு சில சுரங்களை நீ அடியோடு எடுத்துவிட்டாய். அவை இல்லாவிட்டாலும் பாட்டு நிற்கும் என்றாய். நின்றது.

கடைசியில் ஒரு பாட்டு மிச்சமிருந்தது. நத்தார்ப் பாட்டு, அது இல்லாமல் நம் சனங்கள் வீட்டுக்குப் போகமாட்டார்கள். அதன் பல்லவியில் ஒரே சொல்லை இழுத்து இழுத்து ராகம் படிப்படியாக ஓடி ஏறும், ஓடி இறங்கும். அந்த ஓட்டத்துக்கு இரண்டு விரல் எப்படிப் போதும்? இடது கையும் எட்டாது. நீ அந்தத் தாளை வெகு நாள் தராமல் வைத்திருந்தாய். தந்தபோது அந்த ஓட்டத்தின் மேலே நீளமாக ஒரு கொக்கி இருந்தது. 'வ' இல்லை, 'இ' இல்லை. 'சபை' என்று எழுதியிருந்தாய்.

எனக்குப் புரியவில்லை. இது என்ன என்று கேட்டேன்.

"அந்த இடத்துல ராகத்த நீங்க வாசிக்க வேணாம்மா. அவங்க எல்லாருக்கும் அது மனப்பாடம். நீங்க கீழ மட்டும் பிடிச்சுக்கங்க, மேல அவங்க பாடிருவாங்க."

"விழுந்துட்டா?"

"விழ மாட்டாங்க."

நீ அவ்வளவு உறுதியாகச் சொன்னாய். எனக்கு அந்த உறுதி இல்லை. வாசிக்கிறவள் ராகத்தை விட்டுவிட்டுக் கையைத் தூக்குவது, இறக்கத்தில் லொறியின் பிரேக்கிலிருந்து காலை எடுப்பது போல எனக்குத் தோன்றியது. நத்தார் காலை ஆராதனைக்கு ஆலயம் நிரம்பியிருந்தது. கொழும்பில் வேலை செய்கிற பிள்ளைகளெல்லாம் வந்திருந்தார்கள், வாசல் வரை ஆட்கள் நின்றார்கள். பனியும் மூச்சும் சேர்ந்து கண்ணாடி ஜன்னல்கள் வெளுத்திருந்தன. முதல் பாட்டுகள் போயின. ஒன்றிரண்டு இடத்தில் தடுமாறினேன், யாரும் கவனிக்கவில்லை. பிறகு அந்தப் பாட்டு. சரணம் முடிந்தது, பல்லவி வந்தது. உன் கொக்கியைப் பார்த்தேன். இடது கையால் கீழே பிடித்துக்கொண்டு வலது கையைத் தூக்கி மடியில் வைத்தேன்.

அவர்கள் பாடினார்கள் தம்பி. பியானோவில் ராகம் இல்லை என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பெண்கள் அந்தச் சொல்லை இழுத்துக்கொண்டு ஏறினார்கள், பின்னால் நின்ற ஆண்கள் சேர்ந்துகொண்டார்கள். வழக்கம்போல மெதுவாக, மூச்சு வாங்கி, ஒவ்வொரு படியிலும் நின்று ஏறினார்கள். நான் கீழே காத்திருந்தேன். அவர்கள் இறங்கி வந்ததும் என் இரண்டு விரலை எடுத்து மறுபடி ராகத்தில் வைத்தேன். அவ்வளவு வருஷம் நான்தான் அவர்களைப் பாடவைக்கிறேன் என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு என் பாட்டை அவர்கள் வாங்கித் தூக்கிக்கொண்டு போய்த் திருப்பித் தந்தார்கள். ஒவ்வொரு சரணத்துக்குப் பின்னும் அந்த இடம் வந்தது. இரண்டாவது முறையிலிருந்து எனக்குப் பயம் இல்லை. வெளியே வரும்போது மேல் லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற செல்லம்மா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னைக்குப் பாட்டு எங்களுக்காக நின்னுச்சுங்க டீச்சர்" என்றார். அவர் பிடித்தது அந்த வலது கையைத்தான். நான் அதை மறைக்கவில்லை.

பிறகு உன் பரீட்சை முடிவு வந்தது. இசை படிக்கக் கொழும்புக்குப் போனாய், அங்கேயே பள்ளிக்கூடத்தில் வேலையும் கிடைத்தது. எனக்காகக் கொக்கி போட்டதை யாரிடமும் நீ ஒரு சாதனையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. நீ போன பிறகு வந்த பாட்டுகளுக்கு நானே கொக்கி போட்டுக்கொள்கிறேன். சில இடங்களில் உன்னை விட நன்றாகவே போடுகிறேன், கல்யாணத்துக்கு வரும்போது காட்டுகிறேன்.

ஷாமினியைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்கிறேன். அவள் ஆஸ்பத்திரி வேலை பார்க்கிற பெண். சில நாள் நின்று நின்று கால் வீங்கி வருவாள். நீ களைத்தால் எப்படி இருப்பாயோ அப்படித்தான் அவளும் என்று நினைத்துக்கொள்ளாதே. எனக்கு நீ செய்தது போல, எவ்வளவு எட்டும் என்று அவளிடமே கேள். அவள் சொல்வதைக் கேட்ட பிறகும், சில நாள் அவள் இடத்தில் இருந்து பார். அது உனக்கு வரும். சொல்லித் தரவேண்டிய அவசியம் எனக்கு இல்லை, இருந்தாலும் தாய் என்பதால் எழுதுகிறேன். அவளும் உனக்கு அப்படிச் செய்வாள். முதல் தடவை நம் வீட்டுக்கு வந்த அன்றே, எனக்குக் கஷ்டம் என்று யாரும் சொல்லாமல், தேநீர்க் கோப்பையை என் இடது கைப் பக்கமாக வைத்தவள் அவள்.

நம் வீடுகளில் தாய் பிள்ளைக்கு நன்றி சொல்வதில்லை. சொன்னால் பிள்ளை வெளி ஆளாகிவிடுவான் என்பது போல ஒரு கூச்சம். அன்றைக்கு மழையில் வாசலில் நின்றபோது சொல்லத் தோன்றியது, கூச்சத்தில் வீட்டுக்கு வந்துவிட்டேன். இத்தனை வருஷம் அது என் நெஞ்சில் கிடந்தது. நன்றி தம்பி. எனக்கு நீ கிடைத்ததற்குக் கடவுளிடம் தினமும் சொல்கிறேன், உன்னிடம் இன்றைக்குத்தான் சொல்கிறேன்.

கல்யாணத்துக்கு வாசிக்க ஹட்டனிலிருந்து ஆள் கூப்பிடலாமா என்று போதகர் கேட்டார். நீயும் அன்றைக்கு அம்மா சும்மா உட்காரட்டும் என்று அவரிடம் சொன்னாயாம். வேண்டாம், நானே வாசிக்கிறேன். உன் சம்மதத்தை நான் கேட்கவில்லை. நீ முன்னால் போய் நின்றுவிடு. ஷாமினி தன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வருவாள். அவருக்கு முழங்கால் வலி, அவளுக்குப் புதுச் சேலை, இருவரும் மெதுவாகத்தான் நடப்பார்கள். நீ அங்கே நின்று பதறாதே. அவள் உன் பக்கத்தில் வந்து சேருகிற வரைக்கும் நான் வாசித்துக்கொண்டுதான் இருப்பேன்.

அம்மா